டச்சப் அக்கா ஒட்டிய அம்பு

அந்த அக்காவிடம் "சும்மா" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. ஒருநாள் கால் பெருவிரலில் கட்டோடு வேலைக்குப் போனேன். "என்ன தம்பி கட்டு?" என்றார். "சும்மாக்கா, லேசா இடிச்சுக்கிட்டேன்" என்றேன். எதில் இடித்தேன், எந்தப் பக்கம் திரும்பும்போது இடித்தேன், அப்போது கையில் என்ன வைத்திருந்தேன் என்று வரிசையாகக் கேட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினேன் என்பதை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். அதற்காகத் திட்டினாரா என்றால் அதுவும் இல்லை. "அதானே. சும்மா ஒன்னும் ஆகாது" என்று சொல்லிவிட்டு பூதக்கண்ணாடி பொருத்திய லென்ஸ் விளக்கை இழுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்லாமல் விசாரணைக் கமிஷன் வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத்தான் தினமும் எழுதினார். ஆனால் முதலாளியிலிருந்து டீ கொண்டுவருபவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் டச்சப் அக்காதான். இப்போது நிஜப் பெயரை எழுதினால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல இருக்கும். கொத்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. நூல் புடவை, அதன்மேல் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு. சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு பென்சிலும், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களும் இருக்கும்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகிற வழியில் ஒரு பழைய அரிசி ஆலை. நெல் காயப்போட்ட களத்தில் நாங்கள் பைக் நிறுத்துவோம். உள்ளே ஒரு ஹாலை மட்டும் அடைத்து, தரையில் ரப்பர் விரித்து, இரண்டு ஏசி மாட்டியிருந்தார்கள். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்து செல்போனில் போட்டு நிறுத்துகிற பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் இருக்கும் பச்சை போர்டு எங்கள் சரக்கு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காகச் செய்துகொடுத்தோம். நான் சூப்பர்வைசர். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கையில் டிப்ளமோ, மூக்கு நுனியில் கோபம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பொடிப்பொடி ஓட்டை போட்ட எஃகுத் தகட்டை போர்டின்மேல் பொருத்தி, சாம்பல் நிறத்தில் இருக்கும் ஈயப் பசையை ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும். கோல அச்சில் மாவு தேய்க்கிற மாதிரிதான். நாங்கள் அதைப் பேஸ்ட் போடுவது என்போம். அந்தப் பசைப் புள்ளிகளின்மேல் மெஷின் பாகங்களை எடுத்து வைக்கும். ஒவ்வொன்றும் கசகசா அளவு, பக்கத்தில் நின்று தும்மினால் போச்சு. பிறகு போர்டு ஒரு நீளமான ஓவனுக்குள் ஊர்ந்துபோய் அங்குட்டு வெளியே வரும்போது பசை உருகி, இறுகி, எல்லாம் பிடித்திருக்கும். பிடிக்காதது, சாய்ந்தது, பக்கத்துப் பாகத்தின் உலோகக் காலோடு ஒட்டிக்கொண்டது எல்லாம் அக்காவின் மேசைக்கு வரும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னையும் ட்வீஸர் இடுக்கியையும் வைத்து அவர் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெயர் டச்சப்.

கை என்றால் அப்படி ஒரு கை. தப்பாக உட்கார்ந்த கசகசாவை உருக்கி எடுத்து, புதியதை வைத்து, பக்கத்தில் எதுவும் அசையாமல் முடித்துவிடுவார். மெஷின் பழுதுபார்க்க மதுரையிலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த அக்காவை எங்க பக்கம் அனுப்புங்களேன்" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தக் கை அயர்னை எடுப்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

கெட்ட இடத்தைக் காட்ட எங்களிடம் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் உண்டு. எல்லா ஊரிலும் அம்பை ஒட்டுவார்கள், சரிசெய்வார்கள், அம்பைப் பிய்த்துப் போடுவார்கள். அக்கா அம்பை ஒட்டிவிட்டு அன்றைய காலண்டர் தாளைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் போர்டை ஒரு கட்டமாக வரைந்து, எங்கே கெட்டது, எத்தனை மணிக்குக் கெட்டது என்று பென்சிலால் குறிப்பார். குறித்துவிட்டு யோசிப்பார். லாரி வாசலில் நிற்கும். எனக்குத் தலைக்கு ஏறும்.

"அக்கா, நாலு மணிக்கு வண்டி கெளம்பணும். சட்டுனு தொட்டு விடுங்க."

"தொட்டா இது சரியாயிரும் தம்பி. நாளைக்கு வாரதும் இப்டித்தான வரும்? அப்புறம் அதையும் தொடவா?"

"அதுக்குத்தானக்கா உங்களுக்குச் சம்பளம்."

"மறைக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறீக?" என்று நிமிர்ந்து பார்ப்பார். கோபமாகக் கேட்க மாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்பார். நான் லாரிக்காரரிடம் போய் எரிந்து விழுவேன்.

ஒரு தடவை பாகங்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக எழுந்து நிற்க ஆரம்பித்தன. நான் பேஸ்ட் டப்பாவை மாற்றினேன், தகட்டை மாற்றினேன், மெஷினின் வேகத்தைக் குறைத்தேன். அக்கா நான்கு நாள் தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்திரிச்சு நிக்கிறது பூராம் எடது ஓரத்துல மட்டும் நிக்கிதே தம்பி. ஓவனுக்குள்ள அங்குட்டு ஏதோ ஆகியிருக்கு" என்றார். ஓவன் மூடியைத் திறந்து பார்த்தால் இடது பக்கத்து விசிறி ஒன்று சுற்றாமல் நின்றுபோயிருந்தது. ஒரு காலில் ஈயம் முன்னாலும் மறு காலில் பின்னாலும் உருகியதால் பாகம் எழுந்து நின்றிருக்கிறது. படித்த எனக்கு அது தோன்றவில்லை. முதலாளி போன் செய்தபோது நான்தான் கண்டுபிடித்தது போல ஒரு தோரணையில் சொன்னேன். அக்காவுக்கு அது காதில் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன், அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் குணம் வேலைக்கு மட்டும் என்றில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக் கொத்தமங்கலம் போயிருந்தோம். பந்தியில் அப்பளம் நமுத்துப்போயிருந்தது. பெண்ணின் அம்மா பட்டுப் புடவையோடு வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று சொல்ல வேண்டிய நேரத்தில், இவர் சமையல்கட்டுக்குப் போய் அப்பள டின் எங்கே இருந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வடித்த சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் டின்னை மூடாமல் வைத்திருந்தார்களாம். "ஆவி அடிச்சிருக்கு" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வாசலுக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் என் இலைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "பாத்தீகளா? வீட்டுல தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது தம்பி. ஏன் வந்துச்சுன்னு கேட்டுக் கேட்டே இன்னொரு தலைவலிய வர வச்சிருவா" என்றார். நான் சிரித்த சிரிப்பில் ரசம் இலையைத் தாண்டி ஓடியது.

அந்தக் கோடையைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள்ளேயே இரண்டு ஏசியில் ஒன்று நின்றுபோனது. சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றுவிட்டார்கள். அதே வாரம்தான் செல்வி பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். பேஸ்ட் போடுகிற வேலை அவளுக்கு. காலையில் முருகேசன் போடுவார், மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் செல்வி. காலையில் அவள் மாமியார் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவதால், அவர் திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் கிளம்ப முடியும். பேஸ்ட் போடுகிற இடம் ஓவனுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் மத்தியானமே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, தகட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று திங்கட்கிழமை, காரைக்குடியில் சந்தை நாள். அக்கா சாயங்காலம் சந்தைக்குப் போய் இரண்டு வெட்டிவேர்த் தட்டி வாங்கி வந்து, மறுநாள் மேற்குப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து அதில் கட்டினார். சாப்பாடு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எடுத்துத் தட்டி முழுக்கத் தெளிப்பார். வெளியே அனல் அடிக்கிற காற்று அதில் நனைந்து உள்ளே வரும். ஈயப் புகை நாற்றமும் ரப்பர் நாற்றமும் போய் ஹால் முழுக்க வெட்டிவேர் வாசம். வேலை பார்க்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார்கள். நானும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அந்த ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். இப்போது ஓசூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன், கண்ணாடி மாதிரி ஹால், குளிர் நடுக்குகிறது. எங்கேயாவது வெட்டிவேர் வாசம் வந்தால் எனக்கு அந்த அரிசி ஆலைதான் ஞாபகம் வருகிறது. அங்கே நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

தட்டி கட்டிய அன்று மத்தியானத்திலிருந்தே போர்டுகளில் கால்களைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஈய உருண்டைகள் தெறித்துக் கிடக்க ஆரம்பித்தன. தாளிக்கும்போது கடுகு தெறிக்குமே, அந்த மாதிரி. அக்கா தாளில் குறித்தார், ஏன் என்றார். நான் துடைத்துவிடச் சொன்னேன். கையில் ஆர்டர் குவிந்து கிடந்தது. இரண்டு வாரம் அப்படியே போனது. புதன்கிழமை காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே எட்டு போர்டுகள், கருகிப் போய். உருண்டை ஒன்று உருண்டு போய் இரண்டு கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு லோடு இப்படி வந்தால் ஆர்டரை நிறுத்திவிடுவோம் என்று கூடவே ஒரு கடிதம்.

சென்னையில் இருந்த முதலாளி போனில் பொரிந்து தள்ளினார். நான் நோட்டைப் புரட்டினேன். கெட்டது எல்லாமே மத்தியானத்து போர்டுகள். மத்தியானம் பேஸ்ட் போடுவது செல்வி. அவள் திரும்பி வந்த வாரத்தில்தான் இது தொடங்கியிருக்கிறது. தகட்டைச் சரியாகத் துடைப்பதில்லை, வீட்டு ஞாபகத்தில் வேலை பார்க்கிறாள், வேறென்ன? முதலாளியிடம் அப்படியே சொன்னேன். "அப்ப திங்கக்கிழமையிலருந்து வேணாம், லெட்டர் குடுத்துருங்க" என்றார். கவனக்குறைவு என்று காரணம் எழுதி நானே டைப் அடித்தேன். பிரிண்ட் கொடுத்துவிட்டு, மறுபடியும் போன் வரவே வெளியே களத்துக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது தாள் நான்காக மடிக்கப்பட்டு என் மேசையின் வலது ஓரத்தில், டேப் உருளைக்கு அடியில் இருந்தது. ஆபீஸில் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டீ நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டு, மேசை ஓரத்தில் இருந்த கடிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று வேறு எதிர்பார்த்தேன். காரணம் கேட்டுக்கொண்டே இருப்பவருக்குக் காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

"ஆளு காரணம் இல்ல தம்பி" என்றார். "ஆளு என்ன செஞ்சா, அதுதான் காரணம். அவ என்ன செஞ்சா, சொல்லுங்க?"

"தகட்டத் தொடைக்கிறது இல்லக்கா."

"நீங்க பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. "அவ வந்த நேரம்தானக்கா இது ஆரம்பிச்சுச்சு" என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

"பச்ச ஒடம்புக்காரி. அவ வந்த நேரம், போன நேரம்னு பேசாதீக" என்றார் அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "சனிக்கிழமை வரைக்கும் குடுங்க. அதுக்குள்ள நான் சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் காயிதத்த அவகிட்டக் குடுக்காதீக."

வியாழக்கிழமையிலிருந்து ஆளை மாற்றிப் போட்டார். செல்வி காலையில், முருகேசன் மத்தியானத்தில். செல்வியின் மாமியார் சனிக்கிழமை வரைக்கும் வேலைக்குப் போகாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். செல்வி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரிக்கா என்று வந்து நின்றாள். காலையில் அவள் போட்ட போர்டுகளில் மருந்துக்குக்கூட உருண்டை இல்லை. மத்தியானம் முருகேசன் போட்டதில் கடுகு தெறித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா காலண்டர் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். உருண்டை முதலில் வந்த செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தார். அதற்கு முந்தின திங்கட்கிழமைத் தாளை எடுத்துத் திருப்பினார். போர்டுக் கட்டத்துக்குக் கீழே, அன்று சந்தையில் வாங்க வேண்டியதையும் அதே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கத்திரிக்காய், பச்சைமிளகாய், தட்டி ரெண்டு. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மீட்டரிடம் போனார். முள் ஐம்பதில் நின்றது. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். முள் அசையவில்லை. இன்னொரு தடவை பலமாகத் தட்டினார்.

"இது செத்துக் கெடக்கு தம்பி. எப்ப இருந்து?"

தினமும் காலையும் மாலையும் அந்த முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. நோட்டில் பொங்கலுக்கு முன்னாலிருந்து ஒவ்வொரு நாளும் ஐம்பது, ஐம்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. பார்த்து எழுதியது எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. "தெரியலக்கா" என்றேன். அக்கா என் முகத்தையும் நோட்டையும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்து தட்டியில் தண்ணீர் தெளித்தார். காலை வேளையில் அதுவரை ஒருநாளும் தெளித்ததில்லை. பதினோரு மணிக்குள் செல்வியின் போர்டுகளில் உருண்டை வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு தட்டிகளை அவிழ்த்துக் கீழே இறக்கி, ஜன்னல்களைச் சாத்தி, புதுப் பேஸ்ட் டப்பாவைத் திறக்கச் சொன்னார். நான்கு மணிக்கு வந்த போர்டுகள் சுத்தமாக இருந்தன. விஷயம் இவ்வளவுதான். ஈரக்காற்றில் பேஸ்ட் தண்ணீரைக் குடிக்கிறது. ஓவனுக்குள் போனதும் அந்தத் தண்ணீர் கொதித்து ஈயத்தைத் தெறிக்கவிடுகிறது.

அவர் பாட்டுக்குத் தட்டியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. டீ நேரத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உருண்டை வந்ததுக்குக் காரணம் தட்டி. கட்டுனது நான். தண்ணி தெளிச்சதும் நான். பேஸ்ட் போட்டவுக மேல ஒரு தப்பும் இல்ல." செல்வி பக்கம் திரும்பினார். "ஒனக்கு வெக்கையா இருக்கேன்னுதான் கட்டுனேன்டி. அப்பளம் நமுத்ததுக்குக் காரணம் கண்டுபிடிச்ச எனக்கு இது தெரியல பாரு."

செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா ரிப்போர்ட் தாளிலும் தன் கட்டமான கையெழுத்தில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீட்டரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. முதலாளி போனில், "நல்லது நெனச்சுத்தான செஞ்சாக, விடுங்க" என்றுவிட்டார். அடைத்து வைத்திருந்த சரக்கையெல்லாம் பிரித்து மறுபடி சோதித்து அனுப்பினோம். ஆர்டர் தப்பியது. நான் அந்தக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை என் மேசையின் வலது ஓரத்தில், கடிதம் இருந்த அதே இடத்தில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

சுரண்டி எடுத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி இருந்தது. யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? "என்னக்கா இது சின்னப்புள்ள மாதிரி?" என்றேன். லென்ஸிலிருந்து தலையை எடுக்காமல், "சரியான எடத்துலதான ஒட்டியிருக்கு?" என்றார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. சூப்பர்வைசர் மேசையில் அம்பு ஒட்டுவதா? அதைச் சுரண்டவும் இல்லை, பேசவும் இல்லை. அதன்மேல் டேப் உருளையை வைத்து மறைத்தேன். மறுநாள் உருளை ஒரு சாண் தள்ளி இருந்தது. நோட்டை வைத்து மறைத்தேன், நோட்டு தள்ளி இருந்தது. மற்றபடி அக்கா என்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தார். ஊறுகாய் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு கரண்டி வைப்பார். ஏசி வந்தது, புது மீட்டர் வந்தது, நான் ஒழுங்காகப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அம்பு மட்டும் அங்கேயே இருந்தது.

எனக்கு என்ன தடை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பு செய்தேன் என்று தெரியும். அதை ஒரு பேஸ்ட் போடுகிற பெண்ணிடம் போய்ச் சொல்வதாவது என்ற மண்டைக்கனம். அதுவும் போக, கடிதத்தைக் கிழித்தாயிற்று, அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது, எதற்குக் கிளறுவது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கடிதம் அடித்து மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் மத்தியானம், ஓவன் சூடாகக் காத்திருந்த நேரத்தில், செல்வியிடம் போனேன். அவள் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்.

"செல்வி, அந்த உருண்டை விஷயத்துல நான் ஒன்னையச் சந்தேகப்பட்டேன். மொதலாளிகிட்டயும் ஒன்னையத்தான் சொன்னேன். அந்த மீட்டர் செத்துக் கெடந்தத நான் பாக்கல. பாக்காமலே தெனமும் எழுதினேன். பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது" என்றேன். "ஒனக்கு ஒரு லெட்டர்கூட அடிச்சிட்டேன். அத அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவள் கை நின்றது. "கிழிச்சுட்டீகளா சார்?" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நான்தான சார் அத எடுத்து உங்க மேசையில வச்சேன். வருகை நோட்டுல கையெழுத்துப் போட வந்தேன். பிரிண்டர் மிசினுல இருந்து காத்துக்குக் கீழ விழுந்து கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா எம் பேரு." மறுபடி தகட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். "மடிச்சு வச்சிட்டு வந்துட்டேன். அக்கா காரணத்தச் சொன்னதுக்கப்புறமும் நீங்க ஒன்னும் சொல்லலையா, சரி, இந்தத் திங்கக்கிழமை குடுப்பாக, அடுத்த திங்கக்கிழமை குடுப்பாகன்னு நெனச்சுக்கிட்டே வருவேன்."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அக்காதான் ஏன்னு கேட்டுக்கிட்டு இருந்தாகளே சார்" என்றாள்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அம்பு இருந்த இடத்தில் எதையும் வைத்து மறைக்கவில்லை. சாயங்காலம் அக்கா பையோடு வந்து என் மேசை முன்னால் நின்றார். ஹாலின் அந்த மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சுக்கா."

கோட்டுப் பையிலிருந்து ட்வீஸரை எடுத்து அம்பின் ஒரு முனையைக் கிள்ளி, பசை கொஞ்சமும் ஒட்டாமல் ஒரே இழுப்பில் உரித்து எடுத்தார்.

"என்ன சொன்னா?" என்றார்.

செல்வி சொன்னதைச் சொன்னேன். கடிதத்தை எடுத்து வைத்தது அவள்தான் என்பதை, மூன்று வாரமாக அவளுக்குத் தெரியும் என்பதை. அக்காவுக்கு அது புதுச் செய்தி. அம்பு ட்வீஸர் முனையில் அப்படியே இருக்க, எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெளியே கொத்தமங்கலம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அதற்கும் எழுந்திருக்கவில்லை.

நான்தான் அவரைப் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். ஊருக்குள் நுழைந்து, ஒரு பெரிய வீட்டுச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இறங்கியவர் உடனே போகவில்லை.

"இந்த மூணு வாரமும் அவ போட்ட போர்டு பூராத்தையும் லென்ஸ்ல பாத்தது நான்தான் தம்பி" என்றார். "வேலை போயிரும்னு நெனச்சுக்கிட்டேதான் போட்டிருக்கா, ஒரு புள்ளி வெலகல. ஒரு எடத்துலகூடக் கை நடுங்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.